பாதுகாப்பு அதிகாரி: முழுநேரமா, வந்து போகிறவரா, பக்கவேலையா?

கட்டட வேலை எடுத்து நடத்துபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "சேஃப்டிக்குத் தனியா ஆள் வைக்கணுமா, இல்ல நம்ம சைட் இன்ஜினியரையே பார்த்துக்கச் சொல்லிடலாமா?" கேள்விக்குள் சம்பளக் கணக்கு இருக்கிறது. அதில் ஒரு தப்பும் இல்லை, தொழில் என்றால் கணக்கு இருக்கத்தான் செய்யும்.

பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்று திருப்பிக் கேட்பேன். தளம் போட கான்கிரீட் வண்டி வந்து நிற்கிறது, பம்ப் ஓடத் தயார். அந்த நேரத்தில் "ஊற்ற வேண்டாம்" என்று உங்கள் சைட்டில் யார் சொல்ல முடியும்? சொன்னால் வேலை நிற்குமா?

பெரும்பாலும் பதிலாக ஒரு சிரிப்புதான் வரும். ஆனால் கையில் இருக்கும் நான்கு வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் உரசிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. சைட் இன்ஜினியரோ சூபர்வைசரோ பாதுகாப்பையும் சேர்த்துப் பார்ப்பது ஒரு வழி. வெளியிலிருந்து ஒரு நிபுணர் வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை வந்து போவது இன்னொன்று. கான்ட்ராக்டரே முழுநேர சேஃப்டி ஆபீசரை வைப்பது மூன்றாவது. கட்டடத்தின் உரிமையாளர் தன் தரப்பில் ஒருவரை நிறுத்துவது நான்காவது.

முதல் வழியைப் பற்றி எனக்கு அனுபவம் அதிகம். அந்த இரட்டை வேலையைச் சில வருஷம் பார்த்தவன் நான். ஒரு தளம் போடும் நாள் இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. 100 சதுர மீட்டர், 150 மில்லிமீட்டர் கனம். அப்படியென்றால் 15 கன மீட்டர் கான்கிரீட். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2.4 டன் என்று வைத்தால் மொத்தம் 36 டன். கம்பி, ஷீட், மேலே நிற்கிற ஆட்கள் எல்லாம் இதற்கு மேல். கான்கிரீட் இறுகும்வரை இவ்வளவு பாரத்தையும் தாங்குவது கீழே நிற்கும் ஜாக்கிகள், அதாவது உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற இரும்பு முட்டுகள்தான்.

காலையில் கீழே ஒரு சுற்றுப் போனேன். மூலையில் நின்ற ஒரு ஜாக்கியில், உயரத்தைப் பிடித்துப் பூட்டுகிற பின் இல்லை. அந்த ஓட்டையில் 8 மில்லி கம்பித் துண்டு ஒன்றைச் செருகி வைத்திருந்தார்கள். அடித்தகட்டுக்குக் கீழே இரண்டு உடைந்த செங்கல். குனிந்து பார்த்தால் கம்பித் துண்டு லேசாக வளைந்திருந்தது. மேலே ஒரு சட்டி கான்கிரீட்கூட இன்னும் விழவில்லை!

வெளியே மூன்று வண்டி வரிசையில் நின்றன. கலந்த கான்கிரீட்டை ஒன்றரை மணி நேரத்துக்குள் ஊற்றி முடி என்பது எங்களுக்குப் பாடம். மேஸ்திரி மேலிருந்து, "சார், ஆரம்பிக்கலாமா?" என்கிறார். அந்த நிமிஷம் என் தலைக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் சேஃப்டி பார்ப்பவன், இன்னொருவன் அன்று சாயங்காலத்துக்குள் தளம் முடிந்தது என்று ரிப்போர்ட் அனுப்ப வேண்டியவன். ஜெயித்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் இன்னொரு ஜாக்கி கொடுக்கச் சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டேன். மற்றவற்றைப் பார்க்கவில்லை.

தளம் விழவில்லை. ஆனால் சென்ட்ரிங் பிரிக்கும்போது அந்த ஓரம் இறங்கியிருந்தது கண்ணுக்கே தெரிந்தது. அப்புறம் எண்ணிப் பார்த்தோம். பின்னுக்குப் பதில் கம்பித் துண்டோடு இன்னும் ஆறு ஜாக்கி நின்றிருக்கிறது.

இதனால் இரட்டைப் பொறுப்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. அதில் ஒரு பெரிய லாபம் உண்டு. சைட் இன்ஜினியருக்கு வேலை தெரியும், எந்த மேஸ்திரி எதில் குறுக்கு வழி போவார் என்றும் தெரியும். அவர் சொன்னால் ஆட்கள் கேட்பார்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகளில் "தகுதியுள்ள நபர்" என்று ஒரு பொறுப்பு இருக்கிறது. சாரம், பள்ளம் போன்ற வேலைகளில் ஆபத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவராகவும், கண்டதை உடனே சரிசெய்ய அதிகாரம் உள்ளவராகவும் அவர் இருக்க வேண்டும். தனி ஆபீசர் என்ற பதவிப் பெயர் கட்டாயமில்லை, சூபர்வைசராகவே இருக்கலாம். ஆனால் அறிவும் அதிகாரமும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்க வேண்டும். நம் வழக்கத்தில் அறிவை ஒருவரிடமும் அதிகாரத்தை இன்னொருவரிடமும் வைத்துவிட்டு, இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

ஆக முதல் வழி எங்கே ஒத்துவரும்? பத்து இருபது பேர் வேலை செய்கிற, ஒன்றிரண்டு மாடிக் கட்டடத்தில் ஒத்துவரும். ஆழமான பள்ளம், கிரேன், உயரமான சாரம் என எதுவும் இல்லாத இடமாக இருக்க வேண்டும். அங்கேயும் ஒரு நிபந்தனை வைப்பேன். தளம் போடும் நாளில் முட்டுகளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுபவர், அந்தத் தளத்தை முடிக்கும் பொறுப்பில் இல்லாத ஒருவராக இருக்கட்டும். இரண்டு சைட் ஓடினால் இங்கே இருக்கிற இன்ஜினியர் அங்கே போய்ப் பார்க்கலாம், அங்கே இருப்பவர் இங்கே வரலாம். காசு செலவில்லாத ஏற்பாடு இது. அடுத்தவன் சைட்டில் குறை கண்டுபிடிக்க எல்லாருக்கும் கண் கூர்மையாகத்தான் இருக்கும்.

வெளியிலிருந்து வந்து போகிற நிபுணர் கதை வேறு. அவருக்குப் பல சைட் பார்த்த கண் இருக்கும். கிரேனின் பாரப் பட்டியலைப் படிக்கத் தெரியும். கை நீளம் கூடக் கூட அதே கிரேன் எவ்வளவு குறைவாகத் தூக்கும் என்று சொல்லுவார். சாரத்தின் வரைபடத்தைச் சரிபார்ப்பார், ஸ்லிங், ஷாக்கிள் சோதனைச் சான்றுகளைப் புரட்டுவார், ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பார். இதற்கெல்லாம் அவர் கூலி நியாயமானது.

ஆனால் சைட் என்பது தொழிற்சாலை மாதிரி இல்லை. இங்கே நேற்று இருந்த தரை இன்று பள்ளமாக இருக்கும், காலையில் மூடியிருந்த லிஃப்ட் ஓட்டை மத்தியானம் பலகை இல்லாமல் திறந்து கிடக்கும். செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தவர் வியாழக்கிழமை மழைக்குப் பொறுப்பாக முடியாது.

பள்ளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் பதிக்க 2 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டியிருக்கிறார்கள். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவித்துவிட்டார்கள். இரவு மழை. காலையில் பார்த்தால் விளிம்புக்கு ஒரு முழம் தள்ளி, தரையில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு ஓடுகிறது. கீழே இறங்குகிறவருக்கு அது தெரியாது, அவர் குழாயைப் பார்த்துக்கொண்டு இறங்குகிறார். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது, நனைந்தால் இன்னும் கனம். இடுப்பளவு மூடினாலே ஆளை இழுத்து எடுக்க முடியாது. மார்பு மூடினால் மூச்சு விட்ட இடத்தை மண் பிடித்துக்கொள்ளும், மறுபடி இழுக்க விடாது. அதனால்தான் அமெரிக்க விதி, ஏறக்குறைய 1.5 மீட்டர் ஆழத்துக்கு மேல் போனால் பக்கச் சுவரைச் சாய்க்க வேண்டும், இல்லை முட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது. முழுக்கப் பாறையாக இருந்தால் மட்டும் விலக்கு. தோண்டிய மண்ணும் விளிம்பிலிருந்து 60 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பள்ளத்தை ஒவ்வொரு நாளும் ஆள் இறங்கும் முன்னும், மழை பெய்த பிறகும் பார்க்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. மாதம் இரண்டு முறை வருகிறவர் இதை எப்படிச் செய்வார்?

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அவர் வருகிற நாள் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். அன்று மட்டும் ஸ்டோரிலிருந்து புது ஹெல்மெட் வெளியே வரும், சாரத்தில் கைப்பிடிக் குழாய் முளைக்கும், வயர்கள் தரையை விட்டு மேலே ஏறிவிடும். அவர் எழுதுகிற ரிப்போர்ட்டும் அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இருக்கும்.

பிரிட்டன் இதே மாதிரி ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. 2007 விதிகளில் பாதுகாப்பை ஒருங்கிணைக்க என்றே ஒரு பொறுப்பாளர் இருந்தார். வடிவமைப்புக் குழுவோடு ஒட்டாமல், வெளியிலிருந்து ஆலோசகரைக் கொண்டுவந்து அந்த இடத்தை நிரப்புவதே வழக்கமாகிவிட்டது என்ற குறை எழுந்தது. 2015 விதிகளில் அந்தப் பொறுப்பையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில், ஒன்றுக்கு மேற்பட்ட கான்ட்ராக்டர் இருக்கும் வேலையில் ஒரு முதன்மை வடிவமைப்பாளரும் ஒரு முதன்மைக் கான்ட்ராக்டரும் இருக்க வேண்டும், பாதுகாப்பைத் திட்டமிடும் பாரம் அவர்கள் தலையில் என்றார்கள். அதாவது, வேலையை வரைகிறவரும் செய்கிறவருமே சுமக்கட்டும் என்ற முடிவு.

முழுநேர சேஃப்டி ஆபீசருக்கு வருவோம். பல நாடுகளில் ஒரு அளவுக்கு மேல் இது விருப்பம் அல்ல, சட்டம். சிங்கப்பூரில் ஒப்பந்தத் தொகை 1 கோடி சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டால் பாதுகாப்பு அதிகாரியை நியமித்தாக வேண்டும். இந்தியாவில் 1998 மத்திய விதிகள் 500 கட்டடத் தொழிலாளர் என்று கோடு போட்டன. 2020-ல் இயற்றிய சட்டத்தொகுப்பு கட்டுமானத்துக்கு அந்தக் கோட்டை 250-க்கு இறக்கியது. ஒரு ஊரில் தலையை எண்ணுகிறார்கள், இன்னொரு ஊரில் பணத்தை எண்ணுகிறார்கள். எனக்கு இரண்டுமே அரைகுறையாகத்தான் படுகிறது. 30 பேர் மட்டும் வேலை செய்கிற, பழைய கட்டடம் இடிக்கும் சைட்டில் உள்ள ஆபத்து, 300 பேர் டைல்ஸ் ஒட்டுகிற சைட்டில் இருக்காது. சட்டம் சொல்லும் எண்ணுக்குக் கீழே இருக்கிறோம் என்பதால் நிம்மதி அடைய ஒன்றுமில்லை.

முழுநேர ஆளின் பலம் அவர் அங்கேயே இருக்கிறார் என்பதுதான். காலையில் ஆட்கள் வேலைக்குப் பிரியும் முன் பத்து நிமிஷம் நிறுத்திப் பேசுவார். நல்லவர் என்றால் "எல்லாரும் கவனமா இருங்க" என்று பொதுவாகப் பேச மாட்டார். "இன்னிக்கு வடக்குப் பக்கம் கிரேன் திரும்பும், பத்து மணிக்கு மேல அந்த வழியா யாரும் வராதீங்க, சிமென்ட் தெற்குப் படி வழியா வரட்டும்" என்பார். வெல்டிங், பள்ளம், மூடிய தொட்டிக்குள் இறங்குவது என ஒவ்வொன்றுக்கும் பெர்மிட் கொடுப்பார். கையெழுத்துப் போடும் முன் இடத்துக்குப் போய்ப் பார்ப்பார். மேஜையில் உட்கார்ந்தபடியே பத்துப் பெர்மிட் கையெழுத்திடுகிற ஆபீசரும் உண்டு. அப்படிப்பட்டவரை வைப்பதை விட வைக்காமலே இருக்கலாம், ஏனென்றால் எல்லாரும் அவர் பார்த்துவிட்டார் என்று நம்பிவிடுவார்கள்.

இந்த வழி கெட்டுப்போவது எப்போதும் ஒரே மாதிரிதான். கொஞ்ச நாளில் அவர் ஹெல்மெட் போலீஸ் ஆகிவிடுவார். பெல்ட் போடாதவனைப் போட்டோ எடுப்பது, அபராதம் எழுதுவது என்று பொழுது போய்விடும். ஆட்கள் அவரைப் பார்த்தால் ஹெல்மெட்டை மாட்டுவார்கள், தலை மறைந்ததும் கழற்றுவார்கள். ஆபத்தை முதலில் இல்லாமல் ஆக்கு, முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ள முறைக்கு மாறு, பிறகு தடுப்பு வை, பிறகு விதியும் பயிற்சியும், கடைசியில்தான் ஹெல்மெட்டும் பெல்ட்டும். இந்தத் தொழிலில் அரிச்சுவடி இது. சேஃப்டி ஆபீசரைத் திட்டமிடும் கூட்டத்துக்கே கூப்பிடாமல் வேலை தொடங்கிய பிறகு கொண்டுவந்தால், அவர் கைக்கு எட்டுவது அந்தக் கடைசிப் படி மட்டுமே.

பெல்ட்டையே பாருங்கள். 1.8 மீட்டர் கயிறு, அதோடு அதிர்ச்சி தாங்கி. விழும்போது கயிறு முழுக்க நீளும், தாங்கி பிரிந்து இன்னும் ஒரு மீட்டர் போல இறங்கும், ஆளின் உயரம் இருக்கிறது, கொஞ்சம் இடைவெளி வேண்டும். எல்லாம் சேர்த்தால், கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே 5 மீட்டருக்கு மேல் வெற்றிடம் வேண்டும். காலடியில் மாட்டினால் அந்த 5 மீட்டரும் காலுக்குக் கீழே இருக்க வேண்டும். அப்படியென்றால் 4 மீட்டர் உயரச் சாரத்தில் காலடியில் மாட்டிய பெல்ட் போட்டோவுக்குத்தான் ஆகும். ஆள் தரையில் மோதிய பிறகுதான் அது பிடிக்கும். அங்கே வேண்டியது கைப்பிடிக் குழாயும் இடைவெளி இல்லாத பலகையும். அதை முடிவு செய்ய வேண்டியது சாரம் கட்டும் முன்னால். கட்டிய பிறகு வந்து பெல்ட் எங்கே என்று கேட்பதில் பயனில்லை.

அதிகாரம் மேலே இருந்து வந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கோல்டன் கேட் பாலம் பழைய உதாரணம். 1930-களில் அதைக் கட்டியபோது தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ், தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியதோடு பாலத்துக்கு அடியில் வலையும் கட்ட வைத்தார். விழுந்த 19 பேரை அந்த வலை பிடித்தது. ஆனால் 1937 பிப்ரவரி 17 அன்று ஒரு வேலைத்தளமே பெயர்ந்து வலையைக் கிழித்துக்கொண்டு விழுந்து 10 பேர் இறந்தார்கள். மனிதர் விழுந்தால் தாங்கும் வலை, டன் கணக்கில் எடையுள்ள தளம் விழுந்தால் தாங்காது. வலை கட்டியாயிற்று என்று அந்தத் தளத்தின் பிடிமானத்தை யாரும் பார்க்காமல் விட முடியாது என்பதை எனக்கு இந்தக் கதைதான் புரியவைத்தது.

முழுநேர ஆளை வைத்தால் அவர் யாருக்குக் கீழே என்பதுதான் மிச்சம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ப்ராஜெக்ட் மேனேஜருக்குக் கீழே என்றால், வேலையை நிறுத்த வேண்டியவரின் சம்பள உயர்வை, வேலை நின்றால் பாதிக்கப்படுகிறவர் எழுதுகிறார். இதை எவ்வளவு நல்ல மனுஷனாலும் தாண்ட முடியாது. ஆபீசருக்கு மேலதிகாரி தலைமையகத்தில் இருக்கட்டும். ப்ராஜெக்ட் மேனேஜரோடு தினமும் ஒத்துழைக்கட்டும். சண்டை வந்தால் அன்றைக்கே கேட்டுத் தீர்த்துவைக்க மேலே ஒருவர் போனை எடுக்க வேண்டும்.

உரிமையாளர் தரப்பு ஆளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய வேலையில், பல கான்ட்ராக்டர்கள் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும்போது, இது நன்றாக வேலை செய்யும். ஒருவன் மேலே வெல்டிங், இன்னொருவன் நேர் கீழே பெயின்ட் என்றால் இரண்டு பேருடைய சேஃப்டி ஆபீசரும் தன் ஆளை மட்டுமே பார்ப்பார்கள், இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும். பல முதலாளிகள் ஒரே தளத்தில் வேலை செய்தால் ஒருங்கிணைக்கும் பொறுப்பு முதன்மைக் கான்ட்ராக்டருக்கு என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1988-ம் ஆண்டு 167-வது உடன்படிக்கை சொல்கிறது. உரிமையாளரும் சேர்ந்து அக்கறை எடுத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை 2012 லண்டன் ஒலிம்பிக் காட்டியது. அதற்கான கட்டுமானத்தில் விபத்தில் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. காசு கொடுக்கிறவர் கேட்டால் கான்ட்ராக்டர் காது கேட்கும், அவ்வளவுதான் ரகசியம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. உரிமையாளரின் ஆள் என்றாலே சைட்டில் வாயை மூடிக்கொள்வார்கள். கையிலிருந்து நழுவிய சுத்தியல் யார் தலையிலும் விழாமல் தரையில் விழுந்தது என்பது போன்ற சின்னச் செய்திகள்தான் அடுத்த விபத்தின் முகவரி. அவை அவர் காதுக்கு வரவே வராது. கான்ட்ராக்டரும் "அவர் பார்த்துப்பார்" என்று தன் ஆளைக் குறைத்துவிடுவார். நான்காவது வழியை மூன்றாவதுக்குப் பதிலாக வைக்காதீர்கள், மேலே ஒரு அடுக்காக மட்டும் வையுங்கள்.

சரி, எதை எடுப்பது? சின்ன சைட் என்றால் இன்ஜினியரே பார்க்கட்டும், முட்டுக்கு வேறொருவர் கையெழுத்து என்ற அந்த ஒரு நிபந்தனையோடு. கிரேன், உயரமான சாரம் மாதிரி ஏதாவது ஒன்று சில நாள் மட்டும் வருகிறது என்றால் அந்த நாட்களுக்கு வெளி நிபுணரை அழையுங்கள். மாதாந்தர விஜயமாக வேண்டாம், வேலை நடக்கிற நாளிலேயே வரட்டும், கிரேன் தூக்கி இறக்கும்வரை நிற்கட்டும். அதே செலவில் இரண்டு மடங்கு பயன் கிடைக்கும். ஆழப் பள்ளம், உயரம், இடிப்பு, ஒரே நேரத்தில் நாலைந்து சப் கான்ட்ராக்டர் என்று இதில் இரண்டு சேர்ந்தாலே, ஆள் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் முழுநேர ஆபீசர்தான். ஒரே ஆளை மூன்று சைட்டுக்குச் சுற்றவிட்டு அதை முழுநேரம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். அது இரண்டாவது வழியின் மலிவுப் பதிப்பு.

ஆளை எடுக்கும்போது சான்றிதழைப் பார்ப்பது சரிதான். நான் இன்னொன்றும் செய்வேன். நேர்காணலை அறையில் பாதியில் நிறுத்திவிட்டு சைட்டுக்குள் கூட்டிப்போவேன், ஒன்றும் சொல்லாமல் கூட நடப்பேன். சிலர் ஹெல்மெட் போடாதவர்களை எண்ணிக்கொண்டு வருவார்கள். சிலர் சாரத்தின் அடிக்காலைப் பார்ப்பார்கள், பலகையைக் காலால் அழுத்திப் பார்ப்பார்கள், சுவிட்ச் பெட்டியைத் திறந்து 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பு இருக்கிறதா என்று டெஸ்ட் பட்டனை அமுக்குவார்கள். கம்பி வளைக்கிறவரிடம் நின்று, "இந்த மெஷின்ல பாதுகாப்பு மூடிய ஏன் கழட்டி வச்சிருக்கீங்கண்ணே?" என்று கேட்டு, பதிலை முழுசாகக் கேட்பார்கள். அந்தப் பாதுகாப்பு மூடி இருந்தால் 25 மில்லி கம்பி உள்ளே போகாது என்று அவர் சொன்னால், குற்றம் அவர் மேல் இல்லை, மெஷின் வாங்கியவர் மேல். அதைக் குறித்துக்கொள்பவர்தான் எனக்கு வேண்டிய ஆள்.

நியமனக் கடிதத்தில் "வேலையை நிறுத்த அதிகாரம் உண்டு" என்று ஒரு வரி எல்லாரும் எழுதுகிறார்கள். அது காகிதத்தில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. தளம் போடும் நாள் காலையில் அவரிடம் போய், கான்கிரீட் பிளான்ட்டுக்குப் போன் போட்டு மீதி வண்டிகளை அனுப்ப வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியுமா, அந்த நம்பர் அவர் போனில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலான சைட்டில் அந்த நம்பர் ப்ராஜெக்ட் மேனேஜரிடம் மட்டும்தான் இருக்கும்.